சாயம் ஊறும் நேரம்

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லிக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்கே நினைவில்லை. தெருவுக்கு அவள் வெண்கலம். வயதில் சின்னவர்களுக்கு வெண்கலக்கா. தொண்டை அப்படி. ஒருமுறை தன் பார்லர் வாசலில் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த தையற்கடைக்காரியைப் பார்த்து, "நில்லுடி!" என்று ஒரு குரல் விட்டாள். தையற்கடைக்காரி நின்றாள். சைக்கிளில் போன தபால்காரர் நின்றார். தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த பேருந்தும் நின்றுவிட்டது. நிறுத்தம் வந்துவிட்டதாக நினைத்து இரண்டு பேர் இறங்கியே போய்விட்டார்கள். நம்பாதவர்கள் அந்த ஓட்டுநரைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் இப்போது வேறு தடத்தில் ஓட்டுகிறார். ஏன் மாற்றிக்கொண்டீர்கள் என்றால் காதைத் தொட்டுக் காட்டுகிறாராம்.

அந்தக் குரல் பிறவியில் வந்ததில்லை. வீட்டுக்காரருக்காக வளர்த்தது. அவர் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறைச் சத்தம் அவர் காதைக் கறையான் மாதிரி சத்தமில்லாமல் தின்றுகொண்டே வந்தது. விளக்கு மங்க மங்கத் திரியைத் தூண்டிவிடுவதுபோல், அவர் காது மங்க மங்க அவள் குரலைத் தூண்டிக்கொண்டே போனாள். காதில் மாட்டுகிற கருவியும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அதை மாட்டினால் அவருக்குத் தட்டு விழுவதும், கதவு சாத்துவதும், பெண்டாட்டி பேசுவதும் ஒரே அளவில் வந்து மோதின. இரண்டே நாளில் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

"எனக்கு உன் சத்தம் ஒண்ணு கேட்டா போதும்மா. மத்ததெல்லாம் கேட்டு என்ன ஆகப் போகுது?"

அவருடைய குரலோ பூனை நடக்கிற மாதிரி. இருவரும் பேசிக்கொண்டால் தெருவுக்கு ஒரு பாதிதான் கேட்கும். மறுபாதியைத் தெருவே இட்டுக்கட்டிக்கொள்ளும்.

பார்லர் ஒற்றை அறை. கண்ணாடியின் ஒரு மூலையில் ரசம் போயிருந்தது. இரண்டு நாற்காலிகள், ஒன்று மிதித்தால் உயரும், மற்றது மிதிக்காமலே பெருமூச்சு விட்டுக்கொண்டு தாழும். கழுத்தை வைக்கப் பள்ளம் விட்ட கழுவுதொட்டி, சாயம் குழைக்கிற கிண்ணங்கள், பிரஷ்கள், கிளிப்புகள், சுவரோரம் ஒரு கெட்டில். இவற்றோடு கண்ணாடிக்குக் கீழே ஓர் எவர்சில்வர் தட்டு. மூக்குக்கண்ணாடிகளைக் கழற்றி வைப்பதற்கு. தலையில் சாயம் பூசினால் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியிலும் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? அதனால் நாற்காலியில் உட்காரும்போதே கண்ணாடி தட்டுக்குப் போய்விட வேண்டும்.

அதன்பிறகு சாயம் ஊறும்வரை அரைமணி நேரம் அந்த அம்மாக்கள் எல்லாம் அரைக் குருடு. தலையை அசைக்கக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. சும்மா இருப்பது ஒன்றுதான் பாக்கி. அது யாரால் முடிகிறது? கை தானாகப் போனுக்குப் போகும்.

தையற்கடைக்காரி மாட்டியது அப்படித்தான். போனில் ஏதோ விளம்பரம் வந்து மறைத்தது. மூலையில் ஒரு பெருக்கல் குறி மங்கலாகத் தெரிந்தது. மூடிவிடலாம் என்று அதைத் தொட்டாள். அது மூடுவதற்கான குறி இல்லை. குறி மாதிரி வரைந்த படம். தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு போய், "ஆம்", "சரி", "உறுதி" என்று மூன்று பச்சைப் பட்டன்களைக் காட்டியது. பச்சையாக எதைக் கண்டாலும் மேய்கிற ஆடு மாதிரி மூன்றையும் அழுத்திவிட்டாள். சில நாள் கழித்து அவள் கடை வாசலில் ஒரு ட்ரெட்மில் வந்து இறங்கியது.

"காலையிலேருந்து மிஷின் மிதிக்கிறவ நான். எனக்கு எதுக்குக்கா நடக்கிற மிஷின்?"

"நீ மிதிக்கிறது போதலைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குடி" என்றாள் வெண்கலம்.

திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். உள்ளே போக நெடுஞ்சாலை போட்டிருந்தவர்கள், திரும்பி வர முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தட்டினால் இன்னொரு பக்கம், அங்கே தட்டினால் மறுபடி முதல் பக்கம். கடைசியில் தையற்கடையில் இடமில்லாமல் ட்ரெட்மில் பார்லருக்குக் குடிவந்தது. இன்றுவரை அதில் யாரும் நடந்ததில்லை. துண்டுகள் உலர்கின்றன.

அன்றைக்கு வெண்கலம் ஒரு சட்டம் போட்டாள். "டை ஊறுற வரைக்கும் யாரும் போனைத் தொடக் கூடாது. ஏதாவது பார்த்தே ஆகணும்னா எங்கிட்ட குடுங்க, நான் படிக்கிறேன். ஆனா ஒண்ணு, படிச்சா முழுசாத்தான் படிப்பேன்."

படித்தாள். பெரிய எழுத்து, எறும்பு எழுத்து என்ற பேதமே கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே வெண்கலம்.

"'சீக்கிரம்! இந்த நிமிடம் நூறு பேர் இந்தக் க்ரீமைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!' ஏண்டி, பார்க்கிறது நான் ஒருத்திதானே? மீதிப் பேரெல்லாம் எங்க நிக்கிறாங்க, கதவுக்குப் பின்னாடியா?"

"மேல படிங்கக்கா."

"பச்சையில பெருசா, 'ஆம், என் சருமத்தை நேசிக்கிறேன்'. அடியில சாம்பல் கலர்ல சுண்டக்காய் அளவு, 'வேண்டாம், நான் கிழவியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்'. எதை அழுத்தட்டும்?"

வங்கியில் வேலை பார்க்கிற, பக்கத்து வீட்டு மருமகள் தலையில் சாயத்தோடு துள்ளினாள். "கிழவியை அழுத்துங்கக்கா!"

பார்லரே குலுங்கியது. அதிலிருந்து அது அங்கே ஒரு வசனமாகிவிட்டது. எந்த வலை வந்தாலும், "கிழவியை அழுத்து!"

இன்னொரு நாள் கீழே குட்டிக் கட்டம் ஒன்றில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. பக்கத்தில், 'மாதந்தோறும் தானாக அனுப்பப்படும்.'

"இந்த டிக்கை அடிச்சது யாரு?"

"சத்தியமா நான் இல்லக்கா."

"நானும் இல்ல. அப்ப பேய்தான். பேய்க்கு வேப்பிலை அடிக்கிற மாதிரி இதை எடுத்துடறேன்."

தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற வாசகங்கள், நாலு பேர் நடுவில் உரக்கப் படித்தால் தலைசீவாமல் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி கூசிக்கொண்டு நின்றன. அவள் எந்தச் சட்டமும் படித்தவள் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு குரலும், எதையும் பாதியில் விடாத பிடிவாதமும்தான்.

அந்தக் குரலே ஒருநாள் ஒருத்தியைக் கீறிவிட்டது.

கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தலையெழுத்தோடு சேர்ந்து பதிந்தது அவர் கையால்தான். மாதம் ஒருமுறை சாயம் பூச வருவார். போனை யாரிடமும் தரமாட்டார். மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துத் தானே பார்த்துக்கொள்வார். அன்றைக்கு என்னவோ, தயங்கித் தயங்கி நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பாரேன் வெண்கலம். மெதுவா."

மெதுவா என்பது வெண்கலத்துக்கு அகராதியில் இருக்கிற ஒரு சொல், அவ்வளவுதான்.

"'பெயர்கள் மறந்துபோகின்றனவா? சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறீர்களா? மூளை சுருங்குவதற்கு முன் எங்கள் நினைவாற்றல் பயிற்சியில் சேருங்கள்! சலுகை இன்றே கடைசி!' கீழே என்ன... 'வேண்டாம், எல்லாவற்றையும் மறந்துவிடச் சம்மதிக்கிறேன்.'"

"மறதியை அழுத்துங்கக்கா!" என்றாள் தையற்கடைக்காரி, பழக்க தோஷத்தில்.

சிரிப்பு எழுந்தது. கண்ணாடியில் டீச்சர் முகத்தைப் பார்த்த வெண்கலத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சில மாதமாகவே டீச்சருக்கு ஆட்கள் பெயர் தடுமாறிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்த அக்கா பெயரே ஒருநாள் வாய்க்கு வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை, பஸ்ஸை நிறுத்துகிற குரல் ஒன்று தெருவுக்கே அறிவித்துவிட்டது.

டீச்சர் எழுந்தார். போனைப் பிடுங்கினார். தலையில் சாயமும் தோளில் கறுப்புப் போர்வைத் துணியுமாக வௌவால் மாதிரி வெளியே போனார்.

"டீச்சர்! டை! கழுவணும் டீச்சர்!"

நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்குத் தெருவிலிருந்த ஜன்னல் எல்லாம் திறந்துகொண்டது. தட்டில் டீச்சரின் மூக்குக்கண்ணாடி மட்டும் கிடந்தது.

இரண்டு நாள் வெண்கலத்துக்குப் போகத் துணிவு வரவில்லை. பிறகு வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். டீச்சர் கதவை ஒரு விரற்கடை திறந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு சாத்திவிட்டார். அதற்கப்புறம் பக்கத்துத் தெரு பார்லருக்குப் போகிறார் என்று தகவல் வந்தது. "முன்னாடி கறுப்பு, பின்னாடி காப்பிக் கலர். ரெண்டு பேரு தலையை ஒட்டி வச்ச மாதிரி இருக்குக்கா" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வெண்கலத்துக்கு அதில் சந்தோஷம் இல்லை. அன்றிலிருந்து யார் போனை நீட்டினாலும் முதலில், "சத்தமாவா, காதோடவா?" என்று கேட்கப் பழகினாள். காதோடு சொல்வதையும் பயிற்சி செய்தாள். நன்றாகத் தேறி, தையற்கடை வரைக்கும் மட்டும் கேட்கிற அளவுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தொண்டை கட்டியது. சளிதான் என்று விட்டாள். சளி போயிற்று, கரகரப்பு போகவில்லை. வாரங்கள் ஓடின. கரகரப்பு விரிசலாகி, விரிசல் வெறும் காற்றாகி, ஒரு மாலையில் வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டபோது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அவர் அவள் வாயைப் பார்த்தார். பிறகு தன் காதைத் தட்டிப் பார்த்தார்.

"எனக்கு முழுசாப் போயிடுச்சா?" என்றார்.

அவள் இல்லையென்று தலையாட்டி, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம், "காலையில டாக்டரைப் பார்த்துடுவோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வீட்டில் முதல்தடவையாகக் குழாய் சொட்டுவது கேட்டது. அவளுக்கு மட்டும்.

தொண்டை டாக்டரம்மா மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்.

"கத்தரி பிடிச்சுப் பிடிச்சு விரல்ல காய்ப்பு இருக்கில்ல உங்களுக்கு? அதே மாதிரி உள்ளேயும் காய்ச்சிருக்கு. கெட்ட கட்டி இல்ல, பயப்படாதீங்க. சின்ன ஆபரேஷன். அடுத்த வாரமே பண்ணிடலாம். தள்ளிப் போட்டா இன்னும் கெட்டியாகும். அதுவரைக்கும் பேச்சே கூடாது. சிரிக்கக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது, கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசம்."

வெண்கலம் கையால் கேட்டாள்: குரல் வருமா?

"வரும். பஸ்ஸை நிறுத்துமான்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. கதை அவர்வரை போயிருந்தது.

கத்தரி பிடித்துப் பிழைக்கிறவளுக்குத்தான் கத்தியின் பயம் தெரியும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் ஒரு தும்மலில் நழுவும். நழுவியதை அவளே பார்த்திருக்கிறாள். முடி என்றால் வளரும். தொண்டை? வந்தாலும் பாதிக் குரல் வந்தால், அவருக்குக் கேட்குமா? உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சத்தம். அதுவும் போய்விட்டால் அந்த மனுஷன் யாரோடு இருப்பார்?

இந்தப் பயத்தோடு போனில், 'குரல் போனால் என்ன செய்வது' என்று தேடினாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் எதைத் திறந்தாலும் தொண்டைதான். சமையல் பார்க்கப் போனாலும் தொண்டை, செய்தி பார்க்கப் போனாலும் தொண்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் தேன் நிறத்தில் ஒரு பாட்டில். 'கத்தியில்லாமல் குரல்! உங்கள் டாக்டர் உங்களிடம் சொல்லாத உண்மை! மூன்றே மூன்று பாட்டில்கள்!' பக்கத்தில் சிவப்பு எண்களில் ஒரு கடிகாரம், பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

வேறு யார் நீட்டியிருந்தாலும் வெண்கலம் அதை உரக்கப் படித்து உரித்துத் தொங்கவிட்டிருப்பாள். இப்போது படிக்கக் குரல் இல்லை. மனதுக்குள் படித்தாள். வாய்விட்டுப் படித்தால் காற்றில் போகிற சொற்கள், மனதுக்குள் படித்தபோது அவள் சொந்த யோசனை மாதிரியே கேட்டன. இலவச ஆலோசனைக்கு என்று போன் எண்ணும் ஆபரேஷன் தேதியும் கேட்டார்கள். கொடுத்தாள்.

அதிலிருந்து ஒரு பையன் விடாமல் கூப்பிட்டான். தேனில் தோய்த்த குரல். "அம்மா, என் சொந்த அம்மா மாதிரி நினைச்சுச் சொல்றேன்..." அவளால் பதில் பேச முடியாது, அவனுக்கு அது தேவையும் படவில்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் பார்லரில் தையற்கடைக்காரி சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வங்கி மருமகள் முறைக்குக் காத்திருந்தாள். வெண்கலத்தின் கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கியது. 'நான் பேசக்கூடாது. நீங்கள் பேசுங்கள்' என்று எழுதியிருந்தது. அவர்கள் குறைவில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேஜை மேல் போனில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெண்கலம் முடிவு செய்துவிட்டாள். ஆபரேஷனுக்கு எடுத்துவைத்த பணத்தில் மூன்று பாட்டில்களையும் வாங்கிவிடுவது. டாக்டரம்மாவிடம் தேதி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவது. கை மட்டும் இன்னும் துணியவில்லை. அதற்குள் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, வணக்கம்மா! கடைசி நிமிஷம்மா இது. உங்களுக்காகத்தான் மேலதிகாரிகிட்ட சண்டை போட்டு மூணு பாட்டில் பிடிச்சு வச்சிருக்கேன். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாச்சுல்ல? சரிம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன். ஆர்டர் போட்டுடறேன். பணம் கட்டுற லிங்க் வரும், ஒரு தட்டு தட்டிடுங்க."

வெண்கலம் வாயைத் திறந்தாள். ஆமென்று சொல்லவா, இல்லையென்று சொல்லவா என்று அவளுக்கே தெரியவில்லை. எப்படியும் எதுவும் வரப் போவதில்லை.

"இதுக்கெல்லாம் யாருடா உனக்குச் சம்மதம் குடுத்தது?"

வாசலில் கணக்கு டீச்சர். கையில் அந்தக் கறுப்புத் துணி, துவைத்து மடித்து. அவர் உள்ளே வந்து போனைக் கையில் எடுத்தார். சின்ன உருவம். குரல் மட்டும் கடைசி பெஞ்சுவரை போய்த் தூங்குகிறவனை எழுப்பிய குரல்.

"மௌனம் சம்மதம்ங்கறது கல்யாணத்துக்கே செல்லாதுப்பா. உன் பாட்டிலுக்கு எப்படிச் செல்லும்?"

"மேடம்... நீங்க யாரு மேடம்?"

"கணக்கு டீச்சர்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவனும் எங்கோ ஒரு கணக்கு டீச்சரிடம் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"ஒரு வாரமா தெருவே அமைதியா இருக்கேன்னு பார்த்தேன்" என்றார் டீச்சர். "என் காதும் போயிடுச்சோன்னு பயந்துட்டேன். உன் வீட்டுக்காரரை வழியில பார்த்துக் கேட்டேன், சொன்னாரு. எங்கிட்ட சொல்லி அனுப்பக் கூடாதா?"

 வெண்கலத்தின் கண் போனிலேயே இருந்தது. கடிகாரத்தில் நிமிஷங்கள் கரைந்துகொண்டிருந்தன. பலகையை அவசரமாகத் துடைத்து எழுதினாள்: 'முடியப் போகுது. குடுங்க.'

"முடியட்டும்."

வெண்கலம் அதன் கீழே இன்னொரு வரி எழுதினாள். எழுத்து கோணியது. 'அவருக்கு வேற சத்தம் கேக்காது டீச்சர்.'

டீச்சர் அதைப் படித்தார். அவர் முகம் மாறியது. பிறகு, யாரும் கேட்காமலே, அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே உரக்கப் படித்தார், வெண்கலம் படிக்கிற மாதிரியே. பாடகி யாரோ பாராட்டியதாகப் போட்டிருந்ததை, மூன்றே மூன்று பாட்டில்களை, எறும்பு எழுத்தில் கிடந்த 'இது மருந்து அல்ல' என்பதை. கடைசியில் சாம்பல் நிறப் பட்டனை. "'வேண்டாம், நான் ஊமையாகவே இருந்துவிடுகிறேன்.'"

யாரும் சிரிக்கவில்லை. தையற்கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு உன்மேல எனக்கு அவ்வளவு கோபம்" என்றார் டீச்சர். "வீட்டுக்குப் போனதும் அந்தப் பயிற்சியை வாங்கியே தீர்றதுன்னு உட்கார்ந்தேன். கண்ணாடி இங்க கிடக்கு. கோபத்துல கண்ணு கலங்கி, போனை மூக்குகிட்ட வச்சாலும் ஒரே புகை. சரி, சலுகை போச்சுன்னு அழுதேன். கண்ணாடி வந்ததும் திறந்து பார்க்கிறேன், 'இன்றே கடைசி'! மறுநாளும் இன்றே கடைசி. அதுக்கு மறுநாளும். ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு ஒருத்தன் தினம் எழுதிக் காட்டினா எனக்கு எப்படி இருக்கும்? உன்மேல இருந்த கோபமெல்லாம் அவன்மேல போயிடுச்சு. அப்புறம்தான் ஒழுங்கா டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தைராய்டு குறைவாம். மாத்திரை போடறேன். அக்கா பேரு வந்துடுச்சு. அவ எனக்குத் தர வேண்டிய நகை கூட ஞாபகம் வந்துடுச்சு."

'இதுவும் அதே மாதிரியா?' என்று எழுதிக் கேட்டாள் வெண்கலம்.

"தெரியாது" என்றார் டீச்சர். "கணக்கைப் போட்டுப் பார்க்காம விடை சொல்ல மாட்டேன். ஓட விட்டுப் பார்ப்போம். கூட நாங்க இருக்கோம்ல?"

போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தார்கள். தையற்கடைக்காரி தலையில் கிளிப்புகளோடு எழுந்து வந்து நின்றாள். வங்கி மருமகள் வெண்கலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ட்ரெட்மில்லில் தொங்கிய ஒரு துண்டை எடுத்து வெண்கலம் விரல்களில் முறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசி நிமிஷம். எண்கள் இன்னும் சிவப்பாயின. துடிக்க வேறு ஆரம்பித்தன. ஒருமுறை அவள் கை போனை நோக்கி நீண்டது. யாரும் தடுக்கவில்லை. டீச்சர் தன் கையை நீட்டினார், அவ்வளவுதான். வெண்கலம் போனை விட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பூஜ்யம்.

பக்கம் ஒருமுறை வெளுத்தது.  பிறகு, தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி, கடிகாரம் பழையபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. 'சீக்கிரம்! மூன்றே மூன்று பாட்டில்கள்!'

"அதே மூணு!" என்று கூவினாள் தையற்கடைக்காரி. "பாவி, ஒண்ணையாவது குறைச்சுக் காட்டக் கூடாதா?"

சிரிப்பு வெடித்தது. வெண்கலம் கண்ணைத் திறந்து பார்த்தாள். தோள் குலுங்கியது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் பலகையில் கிறுக்கினாள்: 'சிரிக்க வைக்காதீங்கடி! டாக்டர்!' கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அதற்கு டாக்டரம்மா தடை போட்டிருக்கவில்லை.

"எதை அழுத்தட்டும்?" என்றார் டீச்சர், வெகு கண்டிப்பாக.

'ஊமையை அழுத்துங்க' என்று எழுதிக் காட்டினாள் வெண்கலம்.

"அக்கா! என் தலை!" என்று அப்போதுதான் அலறினாள் தையற்கடைக்காரி. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்ததில் அவள் சாயத்தின் நேரத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தத் தலை அமாவாசைக் கறுப்பாகிவிட்டது. வழியில் போன காக்கை ஒன்று கூடப் பிறந்தவளென்று அவள் தோளில் வந்து உட்கார்ந்ததாகச் சொல்வார்கள்.

ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது. டாக்டரம்மா தும்மவில்லை. அதன்பிறகு மௌனம் இன்னும் நீண்டது. ஆனால் பார்லரில் படிப்பு நிற்கவில்லை. வந்தவர்கள் மாற்றி மாற்றிப் படித்தார்கள். கூட்டம் அதிகமாகிற நாட்களில் டீச்சரே வந்து உட்கார்ந்துகொள்வார். எடுத்ததும், "சத்தமாவா, காதோடவா?" என்றுதான் கேட்பார். யார் போனிலாவது பின்னோக்கி ஓடுகிற கடிகாரம் வந்தால் உடனே கெட்டிலைப் போட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. டீ கொதித்து, ஆறி, குடித்து முடிக்கும்வரை எந்தப் பட்டனையும் தொடக் கூடாது. குடித்து முடித்த பிறகும் வேண்டுமென்று தோன்றினால் வாங்கிக்கொள்ளலாம். தோன்றியவர்களும் உண்டு. ஒருத்தி நல்ல குடை ஒன்று வாங்கினாள்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. அந்தக் கடிகாரம் செத்துச் செத்துப் பிழைப்பதைத் தன் போனில் படம் பிடித்து, நுகர்வோர் புகார் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். பதில் வருவதற்குள், இன்றே கடைசி பார்த்த பழக்கத்தில், தினமும் காலையில் அவர்களுக்கே போன் போட்டு விசாரித்தார். சில வாரங்களில் அந்தப் பாட்டில் விளம்பரப் பக்கத்திலிருந்து கடிகாரம் காணாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் இப்போது ஒரு பூப்படம் இருக்கிறது.

வெண்கலத்தின் பலகைக்கு ஒரு கோளாறு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கெல்லாம், படித்தவருக்கெல்லாம், டீ போட்டவருக்கெல்லாம் அவள் 'நன்றி' என்று எழுதிக் காட்டிக் காட்டி, அது எவ்வளவு துடைத்தாலும் போகாமல் படிந்துவிட்டது. 'டை அரைமணி' என்று எழுதினாலும் அடியில் நன்றி தெரியும். 'தலையை ஆட்டாதே' என்று எழுதினாலும் அடியில் நன்றி தெரியும். வங்கி மருமகள் புதுப் பலகை வாங்கித் தருவதாகச் சொன்னாள். வெண்கலம் வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள்.

பேசலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாள் வந்தது. முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று பார்லரில் ஒரு பந்தயமே நடந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா முன்னால் அவள் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்காரர் முற்றத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ தகட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அவள் கதவருகே நின்றாள். எச்சிலை விழுங்கினாள். பயமாக இருந்தது.

"என்னங்க" என்றாள்.

வந்தது வெண்கலம் இல்லை. செம்புக் கிண்ணத்தை விரலால் மெல்லச் சுண்டியது போல ஒன்று. அடுத்த அறைக்கே போகாது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இது எங்கே அவர் காதுக்குப் போய்ச் சேரப் போகிறது?

அவர் தகட்டைக் கீழே வைத்தார். திரும்பினார். அவர் காதில் அந்தக் கருவி இருந்தது. டப்பாவில் தூங்கிய பழைய கருவி. அவள் குரல் போன மறுநாளே எடுத்து மாட்டிக்கொண்டவர். தட்டு விழுவதையும், கதவு சாத்துவதையும், குழாய் சொட்டுவதையும் பொறுத்துக்கொண்டு இத்தனை வாரமாக இந்த ஒன்றுக்காகக் காத்திருந்தவர். அவள்தான் தன் தொண்டைக் கவலையில் அவர் காதைப் பார்க்கவே இல்லை.

"ஏம்மா கத்தறே?" என்றார் அவர். "கேக்குது."